இரவல் போன தடிப்பு

மதுரையில் வைகையின் வடகரையில், ஒன்பது வீடும் ஒரே குழாயும் ஒரே தெருவாசலுமாக ஒரு வளவு இருந்தது, இப்போதும் இருக்கிறது, நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்த வளவில் இரவல் போகாத பொருள் கிடையாது. காபித்தூள் போகும், உறைமோர் போகும், ஏணி போகும், இஸ்திரிப்பெட்டி போகும், ஒரு வீட்டு நெக்லஸ் இன்னொரு வீட்டுக் கழுத்தில் ஏறி மூன்றாவது வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும், ஒரு தடவை பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு வீட்டு மாமனாரே அடுத்த வீட்டுக்கு இரவல் போய் மூன்று மணி நேரம் தாத்தாவாக உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். இதற்கெல்லாம் இரண்டே இரண்டு சட்டம். கொடுத்தவர் திருப்பிக் கேட்கக் கூடாது, வாங்கியவரேதான் கொண்டுவந்து தர வேண்டும். கொண்டுவரும் பாத்திரம் காலியாக வரக் கூடாது, ஒன்றுமில்லை என்றால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது அதில் கிடக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் சௌந்திரத்தின் உடம்பில் வந்த தடிப்பும் ஒரு நாள் இரவல் போயிற்று என்றால் அதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது?

சௌந்திரத்துக்கு நாற்பத்திரண்டு வயது. ஐந்தாம் வீட்டில் தனியாக இருந்தாள், இட்லி மாவு ஆட்டி விற்றாள். சாயங்காலம் ஆனால் மற்ற எட்டு வீடுகளிலிருந்தும் எட்டுத் தூக்குவாளிகள் அவள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடும், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள், எந்த வாளிக்கு எத்தனை கரண்டி என்று அவளுக்குத் தெரியும், விடியும்போது எல்லாம் நிறைந்து நிற்கும். வளவில் பிறந்த பிள்ளைகளெல்லாம் சௌந்திரத்தின் மாவில் ஊதிப் பெருத்தவர்கள் என்று எட்டாம் வீட்டுக் குருவம்மாள் மதினி சொல்வாள்.

அந்த மாசி மாதத்தில் சௌந்திரத்துக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு அதைச் சொல்கிற உத்தேசம் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளை உட்காரவைத்து, மாத்திரையை ஒரு நாள்கூட விடாதே, விடாமல் சாப்பிட்டால் உன் வயதுக்காரர்கள் எல்லோரும் இருக்கிறவரை நீயும் இருப்பாய், உடம்பில் தடிப்பு கிடிப்பு வந்தால் மட்டும் அன்றைக்கே ஓடிவந்துவிடு என்று சொல்லி அனுப்பினாள். சௌந்திரம் மாத்திரையை உளுந்து டப்பாவுக்குள் உளுந்துக்கு அடியில் புதைத்துவைத்தாள். சாவை நினைத்து அவள் பயந்தது கொஞ்சம்தான். ஒரு சாயங்காலம் கதவைத் திறந்து பார்க்கும்போது வாசற்படியில் ஒரு வாளிகூட இல்லாமல் வெறுமையாகக் கிடக்குமே, அதை நினைத்துத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

பன்னிரண்டாம் நாள் தடிப்பு வந்தது. வயிற்றில் நாலு சிவப்புப் புள்ளியாக ஆரம்பித்து, முதுகைச் சுற்றி, தோளில் ஏறி, கையில் இறங்கி, உள்ளங்கைவரை திட்டுத் திட்டாக வீங்கி நின்றது. புடவை பட்டால் மிளகாய்த்தூள் பட்டது போல எரிந்தது. காய்ந்த மிளகாய் வாங்க வந்த குருவம்மாள் அதைப் பார்த்தாள். குருவம்மாளுக்கு அறுபது வயது, அம்மை விஷயத்தில் அந்தத் தெருவுக்கே அவள்தான் கோர்ட்டு, அப்பீல் கிடையாது. பங்குனி பிறந்திருந்தது, வெயில் கொளுத்தியது, அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஏத்தா சௌந்திரம், இது முத்துத்தா. ஆத்தா எறங்கியிருக்கா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வாசல்ல வேப்பிலையச் செருகு. இந்த வீட்டுல கடுகு வெடிக்கக் கூடாது, தாளிக்கிற வாசமே ஆத்தாவுக்கு ஆகாது. மாவு ஆட்டக் கூடாது. முக்கியமா மாத்திரை மருந்து எதுவும் வாயில படக் கூடாது, ஆத்தாவுக்குக் கோவம் வந்துரும்."

சௌந்திரம் தலையை ஆட்டினாள். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும், அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த வளவில் உடம்பு சரியில்லாத ஒருத்தி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட முடியுமா? இரண்டாம் வீட்டு சோணைமுத்து ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்துவான், ஏற்றிக்கொண்டு போவான், எந்த வார்டு என்று கேட்பான், டாக்டர் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பாப்கார்ன் தின்பான், அவனுக்குத் தெரிந்தால் ஸ்டாண்டுக்கே தெரிந்த மாதிரி. அதனால் டாக்டரம்மா சொன்னதில் ஒரு நாளும் விடாதே என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, ஓடிவந்துவிடு என்பதை அவளாகவே மறந்துவிட்டாள். வேப்பிலைக்குப் பின்னால் உட்கார்ந்து தினம் ஒரு மாத்திரையை விழுங்கினாள்.

மூன்றாம் நாள் மதியம் ஆறாம் வீட்டு பல்கீஸ் உறைமோர் கேட்டு ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தாள். ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள், குருவம்மாளின் தடையுத்தரவு அவளுக்குச் செல்லாது. உள்ளே சௌந்திரம் சிமெண்டுச் சுவரில் முதுகை ஒட்டிவைத்துக்கொண்டு, மூன்று நாளாகத் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"யா அல்லா, என்னா பாடு படுற. அதக் கொஞ்ச நேரம் எங்கிட்டக் குடு சௌந்திரம். ஒரு கண்ணு அசந்து எந்திரி," என்று பல்கீஸ் கிண்ணத்தை நீட்டினாள். மனசு பொறுக்காமல் நாம் எல்லோரும் சொல்கிற பேச்சுத்தான் அது. சௌந்திரமும் அரைமயக்கத்தில், "எடுத்துக்கங்கக்கா," என்றாள்.

தடிப்பு எடுபட்டது. வயிற்றிலிருந்து திட்டுத் திட்டாகக் கிளம்பி, தோள் வழியாகக் கைக்கு வந்து, விரல் நுனியில் கொஞ்சம் தயங்கி நின்று, கிண்ணத்தின் விளிம்பைக் கடந்து பல்கீஸின் மணிக்கட்டில் ஏறி, முழங்கை, தோள், கழுத்து என்று போய்ப் பரவி உட்கார்ந்தது. இரண்டு பேரும் அது போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தாடி, என்னா காந்து காந்துது!" என்றாள் பல்கீஸ். "நீ படு. அஸர் தொழுகைக்கு முன்னாடி கொண்டாந்து தந்துர்றேன்."

சொன்னபடி நாலு மணிக்கு முன்னால் கொண்டுவந்து தந்தாள். கிண்ணத்தில் ஆறு பேரீச்சம்பழம் இருந்தது. சௌந்திரம் இரண்டு மணி நேரம் கட்டை மாதிரி தூங்கி எழுந்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி வளவைச் சுற்றிவந்தது. குருவம்மாளுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் வருத்தம். "பல்கீஸு வீட்டுக்கு ஆத்தா போயிருக்கா. ஏன், எங்க வீட்டுக்கு வந்தா கொறஞ்சிருவாளா?" என்று கண்கலங்கினாள். மறுநாள் வாசல் தெளித்து, மஞ்சள் கரைத்து, ஒரு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்து தடிப்பை வாங்கிக்கொண்டு போனாள். அது அவள் உடம்பில் மரியாதையாக நடந்துகொண்டது, இடது முழங்கையைச் சுற்றிவந்து அங்கேயே அடங்கி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் ஆசை வந்துவிட்டது. குழாய் முறை எழுதித் தொங்கவிட்டிருந்த காலண்டர் அட்டையிலேயே தடிப்பு முறையும் எழுதப்பட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு முறை இல்லை, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு முறை இல்லை, மாமியாரோடு சண்டை போட்ட அன்றைக்கு யாரும் கேட்கக் கூடாது, அப்புறம் சொறிகிற கையை மாமியார் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் விதிகள் வந்தன. மூன்றாம் வீட்டுக்காரர் சம்பந்தி வீட்டுக் காதுகுத்துக்குப் போகாமல் தப்பிப்பதற்காக இரண்டு நாள் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டார். திருப்பித் தரும்போது யாரும் முழுதாகத் தரவில்லை, காதுக்குப் பின்னால் கொஞ்சம், கணுக்காலில் கொஞ்சம் என்று ஆத்தாவின் ஞாபகமாக ஆளுக்கொரு துளி வைத்துக்கொண்டார்கள். தடிப்பு எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் அன்றைக்குத் தாளிப்பு கிடையாது. அதனால் எட்டு வீட்டு அடுப்படியிலும் கடுகு வெடித்து ஒரு வீடு மட்டும் சத்தமில்லாமல் இருந்தால், தடிப்பு அங்கே இருக்கிறது என்று படுத்திருக்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். சௌந்திரம் வேப்பிலையை எடுத்துவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள். வாளிகள் பழையபடி வந்தன. இவர்களிடம் போய் எதைச் சொல்வது, எதற்குச் சொல்வது என்று நினைத்தாள், உளுந்து டப்பாவுக்குள் கையை விட்டு அன்றைய மாத்திரையைத் தேடினாள்.

அவள் விழுங்கிக்கொண்டே இருந்தாள், தடிப்பு வளர்ந்துகொண்டே இருந்தது, ஆனால் வளர்ந்தது அடுத்தவர் உடம்பில். சோணைமுத்துவின் முறை வந்தபோது அது அவனைக் காய்ச்சலோடு பிடித்தது. இரண்டாம் நாள் கண் சிவந்தது, உதட்டிலும் நாக்கிலும் புண் வந்தது. தெருமுனை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடுற?" என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை என்றான். "பொய் சொல்லாதப்பா. இது மாத்திரை ஒத்துக்காம வர்ற தடிப்பு. வாய் வரைக்கும் வந்திருச்சு. எதச் சாப்பிடுறியோ அத இன்னைக்கே நிறுத்தணும், இல்லேன்னா தோல் உரிஞ்சு உயிருக்கே வந்துரும்," என்றார். சோணைமுத்து சிரித்துக்கொண்டே வளவுக்கு வந்து அதை எல்லோரிடமும் சொன்னான், சிரிக்கும்போது உதடு வெடித்து ரத்தம் வந்தது.

மறுநாள் நாலு மணி, குழாயில் தண்ணீர் வருகிற நேரம், வளவு முழுக்க முற்றத்தில் நின்றது. சோணைமுத்து தன் வீட்டுப் படியில் சாய்ந்திருந்தான், அவன் மனைவி பஞ்சவர்ணம் ஆறிய கஞ்சியை ஸ்பூனில் எடுத்து வாயில் விட்டாள். விழுங்க முடியாமல் அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. "கொஞ்சம் எரியுது, அவ்வளவுதேன். ஆத்தா குசும்புக்காரி," என்றான். அவனுக்கு இரண்டு சின்னப் பெண்கள், இரண்டும் அப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றன. சௌந்திரத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"குடுடா சோணை. அத எங்கிட்டக் குடு."

"நாளைக்கு வரைக்கும் எம் முறை இருக்குல்லக்கா?"

"முறையாவது ஒண்ணாவது. குடுடா."

கொடுத்தவர் திருப்பிக் கேட்கக் கூடாது என்ற சட்டம் அந்த வளவில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உடைந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தடிப்பு அவன் வாயிலிருந்தும் கண்ணிலிருந்தும் இறங்கி அவள் கையில் ஏறி, தன் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. அவள் எரிச்சலோடு எரிச்சலாகவே சொன்னாள்.

"இது ஆத்தா இல்ல. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அதுக்கு மாத்திரை சாப்பிடுறேன். அந்த மாத்திரையோட தடிப்பு இது. வாளி வராமப் போயிருமோன்னு பயந்துக்கிட்டுச் சொல்லல. உங்க எல்லாரையும் சுமக்க வச்சுட்டேன்."

குழாயடியில் குடம் நிறைந்து வழிந்து முற்றமெல்லாம் தண்ணீர் ஓடியது, ஒரு சொட்டு வீணானால் சண்டைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். குருவம்மாள் தன் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பல்கீஸ்தான் குனிந்து குழாயை மூடினாள்.

"சரி, டாக்டரம்மாட்டக் காட்டணும்ல?" என்றாள். "இத அரைகொறையாக் கொண்டு போனா அவுக என்னத்தக் கண்டுபிடிப்பாக? அவங்கவங்க எடுத்து வச்சிருக்கத எல்லாம் கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். காதுக்குப் பின்னாலிருந்தும் கணுக்காலிலிருந்தும் ஆளுக்கொரு துளியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள், வெறுங்கையோடு வரக் கூடாதே என்று ஒருவர் சோப்பு கொண்டுவந்தார், ஒருவர் ஃபிளாஸ்க், ஒருவர் மெத்தென்ற துண்டு, மூன்றாம் வீட்டுக்காரர் நாலு பாக்கெட் பிஸ்கெட். இரண்டு வீட்டார் அவள் கையைத் தொடாமல் விரல் நுனியை மட்டும் காட்டிவிட்டுப் பொருளைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். எட்டாம் வீட்டுக் கதவு திறக்கவில்லை. சோணைமுத்து வாயைக் கொப்பளித்துவிட்டு ஆட்டோவை எடுத்தான்.

டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் திட்டிய திட்டு அடுத்த வார்டுவரை கேட்டது. அந்த மாத்திரையை அந்த நிமிஷமே நிறுத்தினாள், படுக்கவைத்து ஊசி போட்டாள், களிம்பு தடவச் சொன்னாள், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உன்னைப் பார்த்திருக்க மாட்டேன், இது இல்லாவிட்டால் வேறு மருந்து இருக்கிறது, தடிப்பு அடங்கட்டும், அதைத் தருகிறேன் என்றாள். அப்புறம் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். உடம்பு முழுக்கச் சிவந்திருக்க, முழங்கை மட்டும் கழுவிவைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. "இங்க மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டாள். சௌந்திரம் எட்டாம் வீட்டுக் கதவை நினைத்துக்கொண்டாள்.

சோணைமுத்து கதவோரத்தில் நின்று தொண்டையைக் கனைத்தான். "டாக்டரம்மா, இவுக ஆட்டுற மாவு வாங்கித் தின்னா ஒட்டிக்கிருமா?"

"இட்லில ஒட்டாதுப்பா. தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல தின்னாலும் ஒட்டாது."

"தோசைலயும் ஒட்டாதுல்ல?"

டாக்டரம்மா முறைத்தாள். அவன் அதை மூன்று தடவை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போய், குழாயடியிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் தானே படித்துக் கண்டுபிடித்த மாதிரி விளக்கினான்.

ஒன்பதாம் நாள் சௌந்திரம் வீடு திரும்பினாள். சிவப்பு மங்கிப் பழுப்பாகி, தோல் செதில் செதிலாக உதிர, எரிச்சல் போய் அரிப்பு வந்திருந்தது. உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் சோணைமுத்து ஒரு தட்டோடு வந்து நின்றான். "அன்னைக்கு எம் முறைய பாதியில புடுங்கிட்டீக. மிச்சத்தக் குடுங்க," என்றான். அவள் அழுதுகொண்டே கொடுத்தாள். பல்கீஸ் அடுத்த நாள் வந்தாள். மூன்றாம் வீட்டுக்காரருக்கு இன்னொரு காதுகுத்து வந்திருந்தது.

வீடு திரும்பிய அன்று சாயங்காலம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பின்னால் நின்றாள். வெளியே வாளி வைக்கும் சத்தத்தைக் காதால் எண்ணினாள். ஒன்று கேட்டது. வெகுநேரம் கழித்து இரண்டாவது, உடனே மூன்றாவது. அப்புறம் கேட்கவில்லை. மூன்று வாளிக்கு மாவு ஆட்டுவதற்காக அந்தப் பெரிய கிரைண்டரைப் போட்டாள், அந்த மாவைப் போல மாவு அவள் வாழ்நாளில் பொங்கியதில்லை. வெள்ளிக்கிழமை நாலாயிற்று, அடுத்த வாரம் ஆறு, தரையில் வைத்துவிட்டு நகர்ந்த இரண்டு வீடுகளில் ஒன்று கடைசியாகக் கொஞ்சம் வெட்கத்தோடு பெரிய வாளியாகவே கொண்டுவந்து வைத்ததும் ஏழு. எட்டாம் வீட்டு வாளி வரவில்லை. குருவம்மாள் குழாய்க்கு வந்தாள், தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பிடித்தாள், போனாள். பங்குனி வெயிலில் புடவைத் தலைப்பை இழுத்து இடது கையைப் போர்த்தியிருந்தாள்.

சௌந்திரம் கோபப்படவில்லை. அவள் காலையில் மாவு ஊற்றிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். ஏழு வீட்டில் கடுகு வெடிக்கும், தன் வீட்டில் தானே வெடிக்கவிடுவாள், எட்டாம் வீட்டு அடுப்படி மட்டும் சத்தமில்லாமல் இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள், பத்தொன்பது நாள் அப்படியே இருந்தது. ஒன்பது வீட்டுக்கும் அது தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. சௌந்திரமும் கேட்கவில்லை, ஒருமுறை உடைத்த சட்டத்தை இரண்டாம் முறை உடைக்க அவளுக்கு மனசில்லை. அதற்குள் அவள் மேலிருந்த தடிப்பெல்லாம் உதிர்ந்து போயிருந்தது, புது மாத்திரை ஒத்துக்கொண்டது, அதை அவள் உளுந்துக்கு அடியில் வைக்காமல் ஜன்னலில் சீப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

இருபதாம் நாள் காலையில் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. குருவம்மாள் நின்றாள், கையில் தூக்குவாளி. உள்ளே வந்து, தலைப்பை விலக்கி, இடது முழங்கையைக் காட்டினாள். ஒரு இட்லி அளவுக்குத் தடிப்பு, அன்றைக்கு வந்தது போலவே சிவப்பாக இருந்தது.

"ஒன்னோடதுத்தா. அன்னைக்கே கொண்டாந்திருக்கணும்," என்றாள். "மாத்திரை திங்காதன்னு சொன்னவ நாந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக விடாம ஆத்தான்னு சொல்லி ஒக்கார வச்சவளும் நாந்தேன். அதத் திருப்பிக் குடுக்க வரும்போது கூட எதப் போட்டுக் கொண்டாறது? வீடு முழுக்கத் தேடிப் பார்த்துட்டேன், ஒண்ணும் தோதாப் படல." வாளியைக் கை மாற்றிப் பிடித்தாள். "பயமாவும் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"ஆத்தா இல்லன்னுதேன் ஆயிருச்சே மதினி. நீங்க ஏன் இத்தன நாளாத் தாளிக்கல?"

"ஒன்னோட நோவு எங் கையில இருக்கு. எப்படித்தா தாளிக்கிறது?"

சௌந்திரம் கையை நீட்டினாள். குருவம்மாள் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு விரல் நுனியோடு நிறுத்தாமல் உள்ளங்கை முழுசாகப் படும்படி அழுத்திப் பிடித்தாள். கடைசித் தடிப்பு கைமாறி சௌந்திரத்தின் முழங்கையில் போய் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது, உட்கார்ந்த வேகத்திலேயே மங்க ஆரம்பித்தது. சௌந்திரம் வாளியை வாங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே கறிவேப்பிலை இல்லை, பழம் இல்லை, ஒரு குத்து அரிசிகூட இல்லை. புளி போட்டுத் தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைத்த வாளி பளபளவென்று இருந்தது.

"காலியா இருக்கே மதினி?"

"காலியாத்தேன் கொண்டாந்திருக்கேன்," என்றாள் குருவம்மாள். "நெறையப் போடு. எல்லாருக்கும் தோசை ஊத்தணும்."

சௌந்திரம் வழிய வழியப் போட்டாள். அரை மணி நேரம் கழித்து எட்டாம் வீட்டு அடுப்படியில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தது, அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக ஒன்பது வீட்டுக்காரர்களும் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.